பீர் ஆலைப் பெண் இயக்கிய படங்கள்

அமெரிக்காவில் எடுக்கப்பட்ட ஒரு ஷாம்பு விளம்பரம். நடிக்க இரண்டு இளம்பெண்கள். ஒருவர் ஃபேரா ஃபாசெட். பின்னாளில் ‘சார்லிஸ் ஏஞ்சல்ஸ்’ தொடரில் நடித்து, தன் கூந்தலாலேயே நாடெங்கும் பேர் வாங்கியவர். இன்னொருவர் பென்னி மார்ஷல். லைட்டிங் செய்யும்போது நடிகர்களுக்குப் பதிலாக நிற்பவர்களின் கழுத்தில் அட்டை மாட்டியிருந்தார்கள். ஃபேராவுக்கு நின்றவரின் அட்டையில் ‘அழகான பெண்’ என்றும், பென்னிக்கு நின்றவரின் அட்டையில் ‘அழகில்லாத பெண்’ என்றும் எழுதியிருந்தது. ஃபேரா போய் அந்த இரண்டாவது அட்டையில் இருந்ததை அடித்துவிட்டு, ‘சாதாரணப் பெண்’ என்று மாற்றி எழுதினார். தோழியின் மனம் நோகக் கூடாது என்கிற நல்லெண்ணம்தான். இந்தச் சம்பவத்தைப் பென்னியே பிற்காலத்தில் பல இடங்களில் சொல்லியிருக்கிறார்.

அந்தச் சாதாரணப் பெண் 1988-இல் ‘பிக்’ என்ற படத்தை இயக்கினார். அமெரிக்கத் திரையரங்குகளில் 10 கோடி டாலர் வசூலைத் தாண்டிய படங்களில், ஒரு பெண் இயக்கிய முதல் படம் அது.

நான் டெலிவிஷன் சீரியல்களுக்கு எடிட்டிங் செய்கிறவள். எங்கள் தொழிலைப் பற்றிச் சினிமாக்காரர்கள் பேசும்போது குரலில் ஓர் இளக்காரம் இருக்கும். சீரியலில் என்ன கற்றுக்கொள்ள முடியும், தினம் தினம் ஓட்டிக் கரை சேர்க்கிற வேலைதானே என்பார்கள். பென்னி மார்ஷலின் வாழ்க்கையை ஊன்றிப் பார்த்தவர்கள் அப்படிப் பேச மாட்டார்கள். திரைப்படக் கல்லூரி வாசலை மிதிக்காத அவருக்கு டெலிவிஷன் காமெடித் தொடர்தான் கல்லூரியாக இருந்தது. அங்கே கற்றதை வைத்துக்கொண்டுதான் அவர் டாம் ஹேங்க்ஸையும் ராபர்ட் டி நீரோவையும் இயக்கினார்.

1943-இல் பிறந்தவர். வளர்ந்தது நியூயார்க் நகரத்தின் பிராங்ஸ் பகுதியில், கிராண்ட் கான்கோர்ஸ் சாலையில் இருந்த ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில். அப்பா தொழில் நிறுவனங்களுக்கு விளம்பரப் படங்கள் எடுப்பவர். இத்தாலிய வம்சாவளி. மாஷியரெல்லி என்ற குடும்பப் பெயரை மார்ஷல் என்று மாற்றிக்கொண்டவர். அம்மா மார்ஜரி, அதே கட்டடத்தின் அடித்தளத்தில் டேப் நடனப் பள்ளி நடத்தினார். காலணியின் அடியில் தகடு பொருத்தித் தரையில் தாளம் தட்டி ஆடும் நடனம் அது. நடக்கப் பழகிய கையோடு பென்னியும் ஆடப் பழகினார். அம்மா தன் மாணவிகளை டெலிவிஷன் நிகழ்ச்சிகளுக்கும் அழைத்துக்கொண்டு போவார். மகளுக்கு நடனத்தின் மேல் பெரிய பிரியம் இல்லை. ஆனாலும் ஆடியே தீர வேண்டும். வீட்டுச் சட்டம் அப்படி. இந்த அடித்தள நடனப் பள்ளியை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ‘பிக்’ படத்தில் அது வேலைக்கு வரும்.

நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனவர், படிப்பு முடியும் முன்பே அமெரிக்கக் கால்பந்து வீரர் ஒருவரைத் திருமணம் செய்துகொண்டார். 1964-இல் மகள் டிரேசி பிறந்தாள். சில ஆண்டுகளில் மணமுறிவு. கைக்குழந்தையோடு அலுவலகச் செயலாளர் வேலை, உள்ளூர் நாடகக் குழுவுக்கு நடனம் அமைக்கும் வேலை என்று கிடைத்ததையெல்லாம் செய்தார். பிறகு லாஸ் ஏஞ்சலஸுக்குக் கிளம்பினார். அங்கே அண்ணன் கேரி மார்ஷல் டெலிவிஷன் எழுத்தாளராகக் காலூன்றியிருந்தார். ‘ப்ரிட்டி வுமன்’ எடுத்த அதே கேரி மார்ஷல்தான்.

அண்ணன் தயவில் வந்தவர் என்ற பேச்சு பென்னியைக் கடைசி வரை விடவில்லை. அண்ணன் கதவைத் திறந்துவிட்டது உண்மை. பென்னியும் அதை மறைத்ததில்லை. அண்ணன் தயாரித்த ‘தி ஆட் கப்பிள்’ தொடரில் மிர்னா என்ற செயலாளர் பாத்திரம் கிடைத்தது அப்படித்தான். ஆனால் கதவுக்கு உள்ளே போன பிறகு, ஒவ்வொரு வாரமும் நேரில் உட்கார்ந்திருக்கும் பார்வையாளர்களைச் சிரிக்க வைக்க வேண்டும். அதை எந்த அண்ணனும் தங்கைக்காகச் செய்து கொடுக்க முடியாது.

1975-இல் ‘ஹேப்பி டேஸ்’ என்ற தொடரின் ஓர் எபிசோடில், கதாநாயகர்களோடு ஒரு மாலைப் பொழுதைக் கழிக்க வரும் இரண்டு பெண்களாகப் பென்னியும் சிண்டி வில்லியம்ஸும் நடித்தார்கள். ஒரே எபிசோடுக்கான பாத்திரங்கள். வரவேற்பைப் பார்த்த ஏபிசி சேனல் அவர்களுக்கென்றே தனித் தொடர் வேண்டும் என்றது. 1976 ஜனவரியில் ‘லவர்ன் அண்ட் ஷெர்லி’ பிறந்தது. மில்வாக்கி நகரத்தில் ஒரு பீர் ஆலையில் பாட்டில் மூடி போடும் வேலை பார்க்கும் இரண்டு தோழிகள். அடித்தளத்தில் ஒரு சிறு வீட்டில் குடியிருக்கிறார்கள், வாடகைக்குத் தடுமாறுகிறார்கள், காதலில் ஏமாறுகிறார்கள், மறுநாள் காலை வேலைக்குப் போகிறார்கள். கதை அவ்வளவுதான். 1977-78, 1978-79 இரண்டு பருவங்களிலும் அமெரிக்காவில் அதிகம் பேர் பார்த்த தொடர் அதுவே. 1983 வரை 178 எபிசோடுகள் ஓடியது. லவர்னின் உடைகளில் எல்லாம் நெஞ்சருகே ‘எல்’ என்ற ஆங்கில எழுத்து தைத்திருக்கும். அது பென்னியின் யோசனை. பாலில் பெப்சியைக் கலந்து குடிக்கும் லவர்னின் பழக்கம், சின்ன வயதில் பென்னிக்கே இருந்த பழக்கம். பாத்திரத்தை எழுத்தாளர்கள் கொடுத்தார்கள். அதற்கு உடம்பையும் பழக்கவழக்கத்தையும் கொடுத்தது அவர்.

அந்த வகைத் தொடர்கள் உருவாகும் விதத்தைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். நம் ஊர்த் தொடர்களில் ஒரு காட்சியைத் துண்டு துண்டாக எடுத்து எடிட்டில் ஒட்டுகிறோம். அங்கே ஒரு வாரத்துக்கு ஓர் எபிசோடு. வாரத் தொடக்கத்தில் எல்லோரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஸ்கிரிப்டை வாய்விட்டுப் படிப்பார்கள். எந்த இடத்தில் சிரிப்பு வரவில்லையோ அந்த இடம் அன்று ராத்திரியே திருத்தி எழுதப்படும். பிறகு நாள்தோறும் ஒத்திகை, நாள்தோறும் திருத்தம். வாரக் கடைசியில் செட்டுக்கு எதிரே பொதுமக்களை உட்காரவைத்து, நாடகம் போலத் தொடக்கம் முதல் முடிவு வரை நடிப்பார்கள். பல கேமராக்கள் ஒரே நேரத்தில் ஓடும். 1951-இல் ‘ஐ லவ் லூசி’ தொடர் பிரபலமாக்கிய முறை இது.

இந்த முறையில் வேலை செய்யும் நடிகைக்குச் சில விஷயங்கள் தானாகவே படிந்துவிடும். சிரிப்பு எழுந்து, உச்சிக்குப் போய், அடங்கத் தொடங்கும் அந்தக் கணத்தில்தான் அடுத்த வசனத்தைச் சொல்ல வேண்டும். முன்னால் சொன்னால் யாருக்கும் கேட்காது. பின்னால் சொன்னால் செத்துவிடும். பேசுபவரைவிடக் கேட்டுக்கொண்டு நிற்பவரின் முகம்தான் பல நேரம் சிரிப்பைக் கொண்டுவரும் என்பதும் தெரிந்துவிடும். எங்கள் எடிட் அறையில் நாங்கள் பல ஆண்டுகள் மெஷினோடு போராடிக் கற்றுக்கொள்வதை, பென்னி எட்டுப் பருவங்கள் மேடையில் நின்று, சனங்கள் சிரித்த சிரிப்பிலிருந்தும் சிரிக்காமல் விட்ட மௌனத்திலிருந்தும் கற்றார். தொடரின் நான்கு எபிசோடுகளை அவரே இயக்கவும் செய்தார். இயக்குநர் நாற்காலியில் அவர் முதலில் உட்கார்ந்தது அந்தக் காலத்தில்தான்.

தொடரின் கடைசிக் கட்டம் கசப்பானது. கர்ப்பமாக இருந்த சிண்டி வில்லியம்ஸ் 1982-இல் விலகினார். வழக்கு வரை போனது. தோழிகளுக்குள்ளும் பேச்சு நின்றது, பல காலம் கழித்துத்தான் கூடினார்கள். ராப் ரெய்னரோடு நடந்த பென்னியின் இரண்டாவது திருமணமும் 1981-இல் முடிந்திருந்தது. நாற்பதை எட்டும் நடிகை, ஒரே பாத்திரத்தில் நாடு முழுக்க அறியப்பட்டுவிட்ட முகம். அந்த நிலையில் ஹாலிவுட்டில் நடிகைகளுக்குக் கிடைக்கும் வேலை என்ன என்று நமக்குத் தெரியாததல்ல. இங்கேயும் அதேதான்.

‘பெக்கி சூ காட் மேரிட்’ படத்தை அவர் இயக்குவதாக இருந்து கைநழுவியது. அடுத்து வந்தது ‘ஜம்பிங் ஜாக் ஃப்ளாஷ்’. வூப்பி கோல்ட்பெர்க் நடித்த அந்தப் படத்தை முதலில் இயக்கியவர் படப்பிடிப்பு தொடங்கிய பிறகு மாற்றப்பட, அந்த இடத்துக்குப் பென்னியைக் கொண்டுவந்தார்கள். அடுத்தவர் வைத்த அடுப்பில் பாதிச் சமையலை முடித்துக் கொடுக்கிற வேலை. படம் 1986-இல் வந்தது. சுமாராகத்தான் போனது. நான் பார்த்தவரை அதில் பென்னியின் கையெழுத்து என்று காட்ட அதிகம் இல்லை.

அடுத்த படம்தான் ‘பிக்’. தயாரிப்பாளர்களில் ஒருவரான ஜேம்ஸ் எல். புரூக்ஸ், டெலிவிஷனில் இருந்து சினிமாவுக்குப் போனவர். அவர்தான் பென்னியை அழைத்தார். கதை எளிமையானது. சீக்கிரம் பெரியவனாக வேண்டும் என்று திருவிழாவில் ஒரு குறிசொல்லும் இயந்திரத்திடம் வேண்டிக்கொள்கிறான் சிறுவன். காலையில் கண் விழித்தால் முப்பது வயது ஆள். உள்ளே இருப்பது அதே சிறுவன். சிறுவனும் பெரியவரும் மாறிப்போகிற கதைகள் அந்தச் சமயத்தில் ஹாலிவுட்டில் வரிசையாக வந்தன. ‘வைஸ் வெர்சா’ அதே 1988-இல் சில மாதம் முன்னால் வந்தது. அவற்றை இன்று தேடிப் பார்ப்பவர்கள் குறைவு. ‘பிக்’ மட்டும் நின்றது.

காரணம் பென்னி நடிகரோடு வேலை செய்த முறை. சிறுவன் ஜோஷாக நடித்த டேவிட் மாஸ்கோவை, டாம் ஹேங்க்ஸ் நடிக்க வேண்டிய காட்சிகளை முதலில் நடித்துக் காட்டச் சொன்னார். அந்தப் பையன் எப்படி நடக்கிறான், எப்படி நாற்காலியில் சரிகிறான், வெட்கப்படும்போது கைகளை என்ன செய்கிறான் என்று ஹேங்க்ஸ் பார்த்துப் பழகினார். அதனால்தான் படத்தில் அவர் குழந்தைத்தனமாக நடிப்பதில்லை. ஒரு குறிப்பிட்ட பையனாகவே இருக்கிறார். விருந்தில் விரலளவு பேபி கார்னை எடுத்து, முழு மக்காச்சோளத்தைப் போல வரிசை வரிசையாகக் கொறிப்பாரே, அந்த இடம் ஓர் உதாரணம்.

பொம்மைக் கடைக் காட்சியை உலகமே பார்த்திருக்கிறது. நியூயார்க்கின் எஃப்ஏஓ ஷ்வார்ட்ஸ் கடையில், தரையில் விரித்த பெரிய பியானோவின் மேல் ஹேங்க்ஸும் ராபர்ட் லோஜியாவும் குதித்துக் குதித்து வாசிக்கிறார்கள். டூப் ஆட்கள் தயாராக நின்றார்கள். அதைப் பார்த்த நடிகர்கள் இருவரும் தாங்களே முழுக்க ஆடுவது என்று முடிவு செய்தார்கள். நான் எடிட்டராக இந்தக் காட்சியைப் பார்க்கும்போது மனம் நிறைந்துபோகும். காலுக்கு ஒரு க்ளோசப், முகத்துக்கு ஒரு க்ளோசப் என்று நறுக்கி எடுத்திருந்தால் யார் ஆடினாலும் ஒன்றுதான். பென்னி உச்சி முதல் பாதம் வரை இருவரையும் ஒரே சட்டத்துக்குள் நிறுத்தி ஆட விடுகிறார். மூச்சு வாங்குவது தெரிகிறது, தப்பி விழுந்துவிடுவார்களோ என்று நமக்கு ஒரு பதைப்பு இருக்கிறது. நடனத்தை முழு உடம்பாகத்தான் பார்க்க வேண்டும் என்று அடித்தளப் பள்ளியில் வளர்ந்த பெண்ணுக்குத் தெரியாதா?

‘பிக்’ நம் ஊருக்கும் வந்தது. 2004-இல் எஸ். ஜே. சூர்யா இயக்கி நடித்த ‘நியூ’, ஒரு விஞ்ஞானியின் உதவியால் எட்டு வயதுச் சிறுவன் இருபத்தெட்டு வயது இளைஞனாவதைச் சொல்கிறது. ‘பிக்’ படத்தின் தாக்கத்தில் பிறந்த கதை. அந்த மூலப்படத்தை ஒரு பெண் இயக்கினார் என்பது இங்கே அதிகம் பேசப்படாமலேயே போய்விட்டது.

ஹேங்க்ஸுக்கு முதல் ஆஸ்கர் பரிந்துரையை வாங்கித் தந்தது ‘பிக்’. அதற்கு முன் அவரும் டெலிவிஷன் காமெடித் தொடரில் இருந்து வந்தவர்தான். பென்னியின் அடுத்த படத்தின் நாயகன் ராபின் வில்லியம்ஸ், ‘மார்க் அண்ட் மிண்டி’ தொடரின் நடிகர். அதுவும் கேரி மார்ஷலின் வீட்டுத் தொடரே. டெலிவிஷன் ஆட்களின் திறமை எவ்வளவு ஆழம் போகும் என்று பென்னிக்குச் சந்தேகம் இருந்ததில்லை. அவரே அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்.

அந்த அடுத்த படம் ‘அவேகனிங்ஸ்’, 1990. நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸ் எழுதி 1973-இல் வந்த புத்தகத்தை வைத்து எடுத்தது. முதல் உலகப் போரின் காலத்தில் தொடங்கி 1920-கள் வரை உலகைச் சுற்றிய ஒரு மூளைக்காய்ச்சல், பலரைச் சிலை போல ஆக்கிவிட்டது. பேச்சில்லை, அசைவில்லை. பிராங்ஸில் உள்ள ஒரு மருத்துவமனையில் அப்படிப் பல பத்தாண்டுகளாகக் கிடந்தவர்களுக்கு 1969-இல் சாக்ஸ் எல்-டோபா என்ற மருந்தைக் கொடுத்தார். அவர்கள் எழுந்தார்கள், பேசினார்கள், நடந்தார்கள். பிறகு மருந்தின் பலன் நிலைக்காமல் உடம்பு மறுபடி கட்டுப்பாட்டை இழந்தது. நோயாளி லெனர்டாக டி நீரோ, மருத்துவராக ராபின் வில்லியம்ஸ்.

சிரிப்புத் தொடரின் நடிகை இப்படிப்பட்ட கதையை எப்படி எடுப்பார் என்று அன்று பலருக்குத் தயக்கம் இருந்திருக்கும். எனக்கு இதில் வியப்பே இல்லை. அசையாமல் இருக்கும் ஒரு முகத்தை எவ்வளவு நேரம் திரையில் வைத்திருக்கலாம் என்பது டைமிங் சம்பந்தப்பட்ட கேள்வி. மருத்துவர் தன் கண்ணாடியைக் கீழே நழுவவிட, சிலையாக இருக்கும் மூதாட்டியின் கை சட்டென்று நீண்டு அதைப் பிடிக்கும் காட்சி ஒன்று உண்டு. காமெடியில் கையாளும் அதே கணக்குதான்; எதிர்பார்ப்பைக் கட்டி, அதை ஒரு நொடி தள்ளிப்போட்டு, பிறகு உடைப்பது. இங்கே சிரிப்புக்குப் பதில் உடம்பு சிலிர்க்கிறது. பேச்சிலும் சேஷ்டையிலும் மின்னலாக இருக்கும் ராபின் வில்லியம்ஸை, பேசவே கூச்சப்படுகிற மனிதராக அடக்கி நடிக்க வைத்ததும் சாதாரண வேலை அல்ல.

அந்தப் படம் சிறந்த படம், சிறந்த நடிகர், சிறந்த தழுவல் திரைக்கதை என்று மூன்று ஆஸ்கர் பரிந்துரைகளைப் பெற்றது. இயக்குநருக்குப் பரிந்துரை இல்லை. அதுவரை சிறந்த இயக்குநருக்குப் பரிந்துரைக்கப்பட்ட ஒரே பெண், இத்தாலியின் லீனா வெர்ட்முல்லர். ஒரு படம் சிறந்த ஐந்தில் ஒன்றாம், ஆனால் அதை எடுத்தவர் சிறந்த ஐந்து பேரில் ஒருவர் இல்லையாம். இதை இன்று படிக்கும்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

1992-இல் ‘எ லீக் ஆஃப் தேர் ஓன்’. இரண்டாம் உலகப் போருக்கு ஆண்கள் போய்விட்டதால் பேஸ்பால் விளையாட்டு படுத்துவிடுமோ என்ற பயத்தில், சூயிங்கம் முதலாளி ஃபிலிப் ரிக்லி 1943-இல் பெண்களுக்கென ஒரு தொழில்முறை லீகைத் தொடங்கினார். அது 1954 வரை நடந்தது. 600-க்கும் மேற்பட்ட பெண்கள் ஆடினார்கள். குட்டைப் பாவாடை போட்டுக்கொண்டுதான் ஆட வேண்டும். முகப்பூச்சும் நடையுடை ஒழுக்கமும் கற்பிக்க வகுப்பு வேறு. பாவாடையோடு மண்ணில் சறுக்கித் தொடை தோல் உரிந்தவர்கள் ஏராளம். இந்த வரலாற்றை அமெரிக்கர்களே மறந்திருந்தார்கள். டெலிவிஷனில் ஓர் ஆவணப்படம் பார்த்துத்தான் பென்னிக்கே தெரியவந்தது. திரைக்கதை எழுத அவர் அழைத்தது லோவெல் கான்ஸ், பாபலூ மேண்டல் என்ற இருவரை. அவர்களும் ‘ஹேப்பி டேஸ்’, ‘லவர்ன் அண்ட் ஷெர்லி’ காலத்துத் தொடர் எழுத்தாளர்கள்.

நடிக்க வந்த பெண்களுக்கு முதலில் பேஸ்பால் ஆடத் தெரிகிறதா என்று சோதனை வைத்தார். ஜீனா டேவிஸ், மடோனா, ரோஸி ஓ’டானல் எல்லோரும் பந்து பொறுக்கிப் பயிற்சி எடுத்தார்கள். சறுக்கி விழுந்ததால் ஒரு நடிகையின் தொடையில் படத்தில் தெரியும் அந்தப் பெரிய ரத்தக்கட்டு மேக்கப் அல்ல, உண்மையான காயம். மகள் டிரேசியும் அணியில் ஒருத்தியாக நடித்தாள். அண்ணன் கேரி சாக்லேட் முதலாளியாக வந்தார்.

படத்தில் சில நொடிகளே வரும் ஒரு காட்சியைக் குறிப்பிட வேண்டும். மைதானத்தின் ஓரத்துக்கு உருண்டு வந்த பந்தை ஒரு கறுப்பினப் பெண் எடுக்கிறார். அருகே நிற்கும் வீராங்கனையைத் தாண்டி, தூரத்தில் இருக்கும் இன்னொருத்தியின் கைக்குப் போய்ச் சேரும்படி வேகமாக வீசுகிறார். பிறகு தலையை லேசாக அசைத்துவிட்டுத் திரும்பிப் போகிறார். அந்த லீகில் கறுப்பினப் பெண்களைச் சேர்க்கவில்லை. படம் அதைப் பற்றி இதற்கு மேல் பேசவில்லை என்று குறை சொல்பவர்கள் உண்டு. அந்தக் குறையில் நியாயமும் இருக்கிறது. 2022-இல் அதே தலைப்பில் வந்த தொடர், விட்டுப்போன அந்தப் பெண்களின் கதையை விரிவாக எடுத்துக்கொண்டது.

இந்தப் படமும் 10 கோடி டாலரைத் தாண்டியது. 2012-இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் பாதுகாக்க வேண்டிய படங்களின் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

பென்னி ஒரு காட்சியைத் திரும்பத் திரும்ப எடுப்பார், ஃபிலிமைக் கணக்கில்லாமல் செலவழிப்பார் என்பது அந்தக் கால ஹாலிவுட்டில் பிரபலம். வேண்டியது என்னவென்று அவருக்கே தெரியவில்லை என்று சிலர் அர்த்தம் செய்துகொண்டார்கள். ஆண் இயக்குநர் நாற்பது டேக் எடுத்தால் அவர் பூரணத்துவம் தேடுகிறார் என்று எழுதுவார்கள். எடிட் மேஜையில் உட்கார்ந்தவளாகச் சொல்கிறேன்: நடிகரின் முகத்தில் ஒரே வசனத்துக்கு ஐந்து விதமான மாற்றம் கையில் இருந்தால், அடுத்த காட்சிக்கு எது பொருந்தும் என்று பார்த்து எடுத்துக்கொள்ளலாம். ஒன்றுதான் இருக்கிறது என்றால் அதையே சரி என்று நம்ப வேண்டியதுதான்.

அடுத்த மூன்று படங்கள் அந்த உயரத்தை எட்டவில்லை. 1994-இன் ‘ரினைசன்ஸ் மேன்’ தோல்வி. 1996-இன் ‘தி ப்ரீச்சர்ஸ் வைஃப்’ படத்தில் டென்சல் வாஷிங்டனும் விட்னி ஹூஸ்டனும் இருந்தார்கள். விட்னியின் குரலுக்காகவே அதை மறுபடி பார்க்கலாம். 2001-இல் ட்ரூ பேரிமோர் நடித்த ‘ரைடிங் இன் கார்ஸ் வித் பாய்ஸ்’. இளவயதிலேயே தாயாகிவிட்ட ஒரு பெண்ணின் கதை. பென்னிக்குச் சொந்தமாகத் தெரிந்த வாழ்க்கை. அதோடு சரி. மொத்தம் ஏழு படங்கள். அதன்பின் வாழ்ந்த பதினேழு ஆண்டுகளில் ஒரு முழுநீளக் கதைப்படம்கூட இயக்கவில்லை. டெலிவிஷன் எபிசோடுகள் இயக்கினார், படங்கள் தயாரித்தார், 2012-இல் சுயசரிதை எழுதினார். நுரையீரலிலும் மூளையிலும் வந்த புற்றுநோயில் இருந்து மீண்டார். 2018 டிசம்பர் 17 அன்று, 75-ஆவது வயதில், நீரிழிவு நோயின் சிக்கல்களால் காலமானார்.

அவர் படங்களைப் பார்த்திராதவர்கள் ‘பிக்’ படத்தில் தொடங்கலாம். வீட்டில் குழந்தைகள் இருந்தால் கூட உட்காரவையுங்கள். அடுத்து ‘அவேகனிங்ஸ்’. பேஸ்பால் விதிகள் தெரியாதே என்று ‘எ லீக் ஆஃப் தேர் ஓன்’ படத்தைத் தள்ளிவைக்க வேண்டாம்; எனக்கும் அந்த விதிகள் தெரியாது, கதைக்கு அவை தேவைப்படவும் இல்லை. பெயர்கள் ஓடும்போது மட்டும் எழுந்து போய்விடாதீர்கள். அந்த லீகில் நிஜமாகவே ஆடிய பெண்கள், நரைத்த தலையோடு, மைதானத்தில் இறங்கி ஆடுவதை அங்கேதான் பென்னி வைத்திருக்கிறார்.